எம்பாட்டும் எம்பதும்

1

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வருஷமாகிறதே, அதைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் படிக்க நாலு பக்கம் எழுதி அனுப்பு என்று நாகப்பட்டினத்திலிருந்து பத்திரிகைக்கார நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டார்! கொடி ஏறிய அன்று நான் கொடியைப் பார்க்கவே இல்லை. மலாக்காவில் கடற்கரையோரம் ஒரு கிளப்பில், கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்னூக்கர் மேசையின் பச்சைத் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஊரே ஆரவாரம் செய்தது. சாயந்திரம் துரைமார் வந்தால் துணியில் சுருக்கம் இருக்கக் கூடாதே என்பது என் கவலை. அன்று சாயந்திரம் ஒரு துரையும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

என் வேலை மார்க்கர். மேசைக்குப் பக்கத்தில் நின்று புள்ளி சொல்கிறவன். துணியைத் துலக்குவது, கோல் நுனிக்குத் தோல் ஒட்டுவது, கூட்டாளி வராத மெம்பரோடு நின்று ஆடுவது எல்லாம் அவன் பாடுதான். நாகப்பட்டினத்தில் வெள்ளைக்காரர் கிளப்பு ஒன்றில் இதைக் கற்றேன். கப்பல் ஏறியபோது என் கைவசம் இருந்த தொழில் இது ஒன்றுதான். இன்றைக்கும் விடிந்தால் காஜா பெராங்கில் இருக்கும் வீட்டிலிருந்து சைக்கிளை மிதிக்கிறேன், கிளப்பைத் திறக்கிறேன், துணியைத் துலக்குகிறேன். ஊரிலும் இதைத்தான் செய்தேன். ஊரில் சைக்கிள் இல்லை, நடை.

சுதந்திரத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள்? எனக்கு அது முதலில் ஒரு ஃபாரமாகத்தான் வந்தது. குடியுரிமைக்கு மனு போடப் போனேன். வெயிலில் வரிசை. உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரக் கிராணி, நம் ஊர்க் குமாஸ்தா மாதிரி, நல்ல பையன். ஐசி என்ற அடையாளச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாக, "உமூர்?" என்றான். அட, தமிழ் தெரிந்த பையன், 'உம் ஊர்?' என்று கேட்கிறான் என்று எனக்கு ஒரே பூரிப்பு. "நாகப்பட்டினம்!" என்றேன் சத்தமாக. அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். மறுபடியும் "உமூர்?" என்றான். "நாகப்பட்டினம்தாம்பா, வெளிப்பாளையம்" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்த பிறகுதான் விளங்கியது. மலாயில் உமூர் என்றால் வயசு. அப்போதே பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் மலாய் பேசிக்கொண்டிருந்தவன் நான், ஆபீஸ் வாசலை மிதித்ததும் காது தமிழுக்கு ஓடிவிட்டது. வீட்டில் சொன்னபோது என் பெண்டாட்டி ஒரு வாரம் என்னை "நாகப்பட்டினம் வயசுக்காரரே" என்றுதான் கூப்பிட்டாள்.

2

பெண்டாட்டி என்றேனே, அவளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஊரில் என் அண்ணன் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் கல்யாணம் செய்துகொண்ட செய்தி போனதும், "மலாய்க்காரியைக் கட்டிக்கொண்டாயாமே, குலம் என்ன ஆவது?" என்று எழுதினார். எனக்கு வந்த கோபத்தில் தபால்தலையைக்கூடத் தலைகீழாக ஒட்டி அனுப்பினேன். மீனாச்சி மலாய்க்காரி இல்லை. அவர்கள் மலாக்காச் செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வியாபாரத்துக்கு வந்த நம் தமிழர்கள் இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே தங்கி, காஜா பெராங்கில் கோயிலும் குடியுமாக இருக்கிறார்கள். நாக்கிலிருந்து தமிழ் போய்விட்டது. சாமி போகவில்லை. மீனாச்சி கட்டுவது சாரோங்கு என்ற கைலியும் கெபாயா என்ற நீளச் சட்டையும், நெற்றியில் விபூதி, அம்மனிடம் முறையிடுவது மலாயில். அம்மனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். நான் தமிழில் கேட்டதைவிட அவள் மலாயில் கேட்டது அதிகம் பலித்திருக்கிறது.

அவள் என்னைப் 'பாங்' என்பாள். இங்கே புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்தக் குறிப்பில் அவளும் அவள் மனுஷர்களும் பேசுவதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன், பேசியது அவர்களுடைய மலாயில்.

எங்களுக்கு ஒரே மகள், வள்ளி. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், வீட்டில் மலாய். அவளிடம் இருந்த தமிழ் 'அப்பா' என்ற ஒரு வார்த்தைதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிலேட்டு வாங்கி அ, ஆ போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அதில் பூனை வரைந்து வைத்திருந்தாள். நான் தமிழில் கத்துவேன், அவள் மலாயில் பதில் சொல்வாள், சண்டை மட்டும் குறைவில்லாமல் நடக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஊரிலிருந்து பெரியப்பா வந்தா என்ன பேசுவே?" என்றேன். "சிரிப்பேன்" என்றாள். 

எனக்கு ஒரு பழக்கம். எதையும் எண்ணுவேன். மார்க்கர் வேலையின் கோளாறு அது. குளிக்கும்போது ஊற்றும் வாளி, மீனாச்சி நறுக்கும் வெங்காயம், கோயில் படி, எல்லாவற்றையும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன். கிளப்பில் இருபது வருஷம் இங்கிலீஷில் புள்ளி சொன்னேன், உள்ளே எண்ணியது தமிழில்தான். ஊரில் எப்படிச் சொல்வோமோ அப்படியே. நாம் எழுதுவது எண்பது. வாயில் வருவது எம்பது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், என் தலையெழுத்தே இந்த எம்பதில் ஒருநாள் ஆடிப்போயிற்று.

3

சுதந்திரத்துக்கு மறு வருஷம் தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். எங்கள் கிளப்பில் மேசைக்கு ஆளில்லை. மற்றக் கிளப்புகளிலும் அதே கதை. ஐந்து கிளப்பு ஆட்களும் கூடிப் பேசி, நல்ல மேசைகள் மூன்றை மட்டும் ஒரே கூடத்தில் போட்டுப் பொதுவாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். மேசை மூன்று, மார்க்கர் இரண்டு பேர் போதும். இருந்த மார்க்கர்களோ ஐந்து.

யாரை வைத்துக்கொள்வது? செகரெட்டரி மலாக்காப் போர்த்துகீசியர், நியாயஸ்தர். சிபாரிசெல்லாம் வேண்டாம், ஐந்து பேரும் ஆடட்டும், முதல் இரண்டு இடம் வருகிறவர்களுக்கு வேலை என்றார். நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள்: தொழில்முறை ஆட்டக்காரர்களின் தரவரிசைப் போட்டி. புரொபஷனல் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. காசு வாங்கிக்கொண்டு மேசைப் பக்கம் நிற்பதால் நாங்கள் புரொபஷனலாம்! வீட்டில் போய் மீனாச்சியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "புரொபஷனலா? அப்ப இனிமே மேசைத்துணிய விட்டுட்டு உன் சட்டைக்கு இஸ்திரி போடு" என்றாள்.

அவள் சிரித்தது அந்த ஒரு நாள்தான். அடுத்த நாள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. வேறு தொழில் தெரியாது. மனு இன்னும் ஆபீசில் கிடக்கிறது. வேலையில்லாதவன் மனு நிற்பது கஷ்டம் என்று தெரிந்த கிராணி ஒருவர் வேறு சொல்லிவைத்தார். அண்ணனிடமிருந்து கடிதமும் வந்தது: வேலை போனால் வந்துவிடு, கடைக்கு ஓர் ஆள் வேண்டும். வந்துவிடு என்று எனக்குத்தான் எழுதியிருந்தார். மீனாச்சியைப் பற்றியோ வள்ளியைப் பற்றியோ ஒரு வரி இல்லை.

"தோத்தா ஊருக்குத்தான் போகணும் போலிருக்கு" என்றேன் அவளிடம்.

"நான் அங்க வந்து என்ன பண்ணுவேன் பாங்? யார்கிட்ட என்ன பாஷையில பேசுவேன்?"

"அப்ப வர மாட்டியா?"

அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள். இரண்டு நாளாக நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஜெயித்தால் குடும்பம், தோற்றால் நான் மட்டும் கப்பலில் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். அந்த ஐந்து பேரில் ஒருவர் மீனாச்சியின் சொந்த அண்ணன், நடராஜா மச்சான். குமாஸ்தாக்கள் கிளப்பில் மார்க்கர். எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. என்னைவிட ஐந்து வயசு மூத்தவர், தமிழ் ஒரு சொட்டு தெரியாது, என் மலாயைக் கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு இந்த ஊரில் முதல் சிநேகிதர் அவர்தான். தங்கையைக் கொடுத்தவரும் அவர்தான்.

மார்க்கர்களின் ஆட்டத்தைப் பற்றி ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். எங்களுக்கு நன்றாக ஆடத் தெரியும், ஆனால் ஜெயித்துப் பழக்கமில்லை. மெம்பரை எப்போதும் ஜெயிக்கலாமா? நாலு தரம் ஜெயித்தால் அவர் முகம் சுண்டிவிடும், மறுநாள் வர மாட்டார். எப்போதும் தோற்றால், கையாலாகாதவன் என்பார். அதனால் அளவாகத் தோற்க வேண்டும். பந்தைக் குழிக்கே அனுப்ப வேண்டும். அது குழியின் இரண்டு உதட்டிலும் தட்டி, உள்ளே போகாமல் வாசலில் நிற்க வேண்டும். "அடடா, துரதிர்ஷ்டம்!" என்று மெம்பரே நமக்காக வருத்தப்படுவார். குழியில் போடுவதைவிட இது கஷ்டமான அடி. நிஜமாகத் தவறுகிற பந்து இப்படி நிற்காது, அது பாட்டுக்கு எங்கேயாவது முட்டிக்கொண்டு ஓடும். இந்த வித்தையில் மலாக்காவிலேயே கெட்டிக்காரர் நடராஜா மச்சான். இரண்டாவது நான்.

4

போட்டி ஞாயிற்றுக்கிழமைகளில், சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. பாக் சமாட் என்ற மலாய்க்காரப் பெரியவர் எல்லோரையும் தோற்கடித்து முதல் இடத்தைப் பிடித்துவிட்டார். மற்ற இருவர் எங்கள் மூவரிடமும் தோற்றார்கள். மிச்சம் நானும் மச்சானும். இருவரும் சமம். கடைசி ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறாரோ அவருக்கு இரண்டாம் இடம், வேலை. சாமி இதைவிட வம்பாக ஏற்பாடு செய்திருக்க முடியாது.

நாடு புதிது என்பதால் செகரெட்டரி ஒரு விதி போட்டிருந்தார். போட்டியில் எல்லாம் மலாயில் சொல்ல வேண்டும், புள்ளியும் சரி, பந்தும் சரி. அவர் வீட்டில் பேசுவது போர்த்துகீசியம். புள்ளியை இங்கிலீஷில் சொல்லிப் பழகிய எங்களுக்கு, சமாட்டைத் தவிர, நாக்கு குளறியது. ஸ்னூக்கர் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: சிவப்புப் பந்தைப் போட்டால் ஒரு புள்ளி. அதன் பிறகு வேறு நிறம் ஒன்றைப் போடலாம், அதை எடுத்து மறுபடி மேசையில் வைப்பார்கள்; சிவப்பெல்லாம் தீர்ந்தபின் நிறங்களைச் சின்ன எண்ணிலிருந்து வரிசையாகப் போட வேண்டும். மஞ்சளுக்கு இரண்டு, பச்சைக்கு மூன்று, பழுப்புக்கு நாலு, நீலத்துக்கு ஐந்து, ரோஸுக்கு ஆறு, கருப்புக்கு ஏழு, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. எந்த நிறத்தை அடிக்கப் போகிறோம் என்பதில் சந்தேகம் வரும்போல இருந்தால் வாயால் சொல்லிவிட வேண்டும். நிறத்தின் பெயரைவிட எண் சுலபம் என்று நாங்கள் எண்ணையே சொன்னோம். நாலு என்றால் பழுப்பு. சொன்னது ஒன்று, அடித்தது ஒன்று என்றால் தப்பு, அடிக்கும் முறை எதிராளிக்குப் போய்விடும்.

கடைசி ஞாயிறு குடும்பத்தாரும் வந்து பார்க்கலாம் என்றார்கள். மீனாச்சி வர மறுத்துவிட்டாள். புருஷன் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், அவள் எங்கே உட்காருவாள்? வள்ளி மட்டும் என் சைக்கிளில் வந்து சுவரோரப் பெஞ்சியில் உட்கார்ந்தாள். பாக் சமாட் நடுவர்.

இரண்டு ஆட்டம், இரண்டின் புள்ளியையும் கூட்டிப் பார்ப்பது என்பது ஏற்பாடு. முதலாவதில் மச்சான் முந்திவிட்டார். இரண்டாவதில் நான் துரத்தினேன். கடைசிச் சிவப்பைப் போட்டபோது பலகையில் எனக்கு எண்பது, அவருக்குத் தொண்ணூற்றொன்று. அடுத்து ரோஸ், நேர்க்கோட்டில், நடுக்குழிக்குப் பக்கத்தில் நின்றது. குழந்தைகூடப் போடும். அதனால் நான் எதையும் அறிவிக்கவில்லை. குனிந்தேன், அடித்தேன், ரோஸ் விழுந்தது.

"சாலா!" என்றார் சமாட். தப்பு.

எனக்குத் தலை கால் புரியவில்லை. "என்ன தப்பு?"

"எம்பாட்னு சொன்னே. நாலு. பழுப்புப் பந்து. நீ அடிச்சது ரோஸ்."

மலாயில் நாலுக்கு எம்பாட். பழுப்பும் பாவி, ரோஸுக்கு ஒரு சாண் தள்ளி அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது. ஐயோ என்று எனக்கு உறைத்தது. சிவப்பைப் போட்ட கையோடு, வழக்கம்போல, என் புள்ளியை நானே வாய்க்குள் எண்ணியிருக்கிறேன். எம்பது என்று.

"பாக், நான் நாலுன்னு சொல்லல! எம்பதுன்னு சொன்னேன்! எங்க பாஷையில அதுக்கு அர்த்தம், உங்க லாப்பான் புலோ! எண்பது!" எனக்குக் கத்தத்தான் தெரியும், கத்தினேன்.

செகரெட்டரி எழுந்து வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். "போட்டியின் மொழி மலாய். மலாய்க் காதுக்கு அது நாலுதானே?" என்றார். அவர் கேட்ட நியாயத்தில் ஓட்டை இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "உங்க காதுல என்ன விழுந்தது?"

மச்சான் எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றவர். கோல் நுனிக்குச் சாக்கட்டி தேய்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார்.

சண்டாளா என்று நினைத்தேன். கேட்காமல் எப்படி இருக்கும்? எம்பாட் என்று கேட்டது என்றாலாவது மனுஷன் நேர்மையானவன் என்று விட்டுவிடலாம். தனக்குச் சாதகமாக இருக்கட்டும், பழி மட்டும் வேண்டாம் என்று நழுவுகிறாரே என்று நெஞ்சு கொதித்தது.

"எண்பதுக்கு அப்படி ஒரு வார்த்தை உண்டென்று இங்கே யாருக்காவது தெரியுமா?" என்று செகரெட்டரி பொதுவாகக் கேட்டார். ஹைனானியச் சீனர் ஒருவர், மலாய்க்காரர்கள், செட்டிகள், போர்த்துகீசியர்கள். அத்தனை பேரில் தமிழ் வாய் என்னுடையது ஒன்றுதான். பக்கத்தில், தமிழர் கடைகள் இருக்கும் ஜாலான் பெண்டஹாராத் தெருவுக்குப் போய் ஒரு ஜவுளிக்கடைக்காரரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்கப் போனேன்.

பெஞ்சியிலிருந்து வள்ளி எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. "பத்து, இருவது, முப்பது, நாப்பது, அம்பது, அறுவது, எழுவது" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அங்கே ஒரு நொடி நிறுத்தி, பலகையில் என் பெயருக்கு நேரே இருந்த எண்ணைக் கைகாட்டி, "எம்பது" என்றாள். பிறகு மலாயில், "அப்பா குளிக்கும்போதும் இப்படித்தான் எண்ணுவார். எம்பது வந்தா குளிச்சு முடிச்சிட்டார்னு அர்த்தம்" என்றாள்.

கூடமே சிரித்தது. செகரெட்டரிக்குக் கண்ணாடியை மறுபடி துடைக்க வேண்டியதாயிற்று. "எட்டாவதாக வந்தது எண்பது, பலகையிலும் எண்பது. ரோஸ் செல்லும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைதான் இருக்கிறது என்று எத்தனை நாள் அவளைத் திட்டியிருக்கிறேன்! அவளைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது. பதின்மூன்று வயசுப் பெண்ணை எல்லோர் முன்னாலும் எப்படித் தூக்குவது? கோலைத் தூக்கிக்கொண்டேன்.

எண்பத்தாறு. மஞ்சள் விழுந்தது, பச்சை விழுந்தது, தொண்ணூற்றொன்று, இருவரும் சமம். பழுப்பு விழுந்தது. "எம்பாட்!" என்று சமாட் வேண்டுமென்றே ராகம் போட்டுச் சொன்னார். நீலமும் விழுந்து எனக்கு நூறு. ரோஸுக்குப் போனபோது அவசரப்பட்டுத் தவறிவிட்டேன். நிஜமான தவறல், பந்து மூன்று பக்கம் முட்டிக்கொண்டு ஓடியது. மச்சான் வந்து அதை அலட்டிக்கொள்ளாமல் போட்டார். அவருக்குத் தொண்ணூற்றேழு. மேசையில் கருப்பு மட்டும் மிச்சம், மூலைக்குழிக்கு முழம் தூரத்தில். அதைப் போட்டால் அவர் ஜெயித்தார், நான் கப்பலேறினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சியில் வள்ளியை ஒரு தரம் பார்த்தார். குனிந்தார். கருப்பு போய், குழியின் இந்த உதட்டில் தட்டி, அந்த உதட்டில் தட்டி, வாசலில் நின்றது.

"அடடா!" என்றார்கள் எல்லோரும்.

என் முறை. கோலால் தொட்டேன், விழுந்தது. பலகையில் சாக்கட்டியால் எழுதினார்கள்: ஒன்று சமாட், இரண்டு முத்து (நான்தான்), மூன்று நடராஜா.

5

வள்ளியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போகாமல் நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். ஜெயித்தவனுக்கு இருக்க வேண்டிய சந்தோஷம் என்னிடம் துளியும் இல்லை, கோபம்தான் இருந்தது. அவர் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், அந்தக் கருப்ப நீங்க விட்டீங்களா?"

"என்ன கேள்வி இது? கை நடுங்கிருச்சு. வயசாகுதுல்ல?"

"இருவது வருஷமா துரைமாருக்கு விட்டவன் நான். எப்படி விடுறதுன்னு எனக்கா தெரியாது? எனக்குப் பிச்சை போட்டீங்களா?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "உனக்கா?" என்று கேட்டார். "உனக்கு எதுக்கு முத்து நான் விடணும்? நீ யாரு, கவர்னரா? போ, வீட்டுக்குப் போ. மீனாச்சி காத்துக்கிட்டிருப்பா."

சண்டைக்கு வந்தவனைச் சிரித்துக்கொண்டே அனுப்பினால் என்ன செய்வது? புறப்பட்டுவிட்டேன்.

வீட்டில் வள்ளி ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டிருந்தாள். மீனாச்சி படுக்கையறையில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முன்னால் என் பழைய தகரப் பெட்டி, நான் கப்பலில் கொண்டு வந்தது, மூடி திறந்திருந்தது. அண்ணன் தோற்றதற்கு அழுகிறாள் என்று நினைத்து, சமாதானம் சொல்லக் குனிந்தேன். பெட்டியில் என் துணிகளோடு அவளுடைய கெபாயாக்கள் மடித்து அடுக்கியிருந்தன. வள்ளியின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டு. குங்குமச் சிமிழ். மேலே, மடிப்புக் கலையாமல், ஜாலான் பெண்டஹாராக் கடையின் காகிதத்தில் இரண்டு நூல் சேலை. என் பெண்டாட்டி பிறந்ததிலிருந்து சேலை கட்டியவள் இல்லை.

"இது என்ன?" என்றேன்.

"நீ தோத்தா ஊருக்குப் போகணும்னியே. உங்க ஊர்ல சேலைதானே கட்டுவாங்க? உங்கண்ணன் முன்னாடி சாரோங்ல போய் நிக்க முடியுமா?"

"வர மாட்டேன்னு சொன்னியே!"

"எப்ப சொன்னேன்? என்ன பாஷையில பேசுவேன்னுதான் கேட்டேன். நீ பதில் சொல்லல, நானே பெட்டி கட்டிட்டேன்."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். பெட்டிக்குள் கை பட்ட இடத்தில் கனமாக ஏதோ இருந்தது. தகர டப்பா. திறந்தால் பெலாச்சான், நம் ஊரில் கருவாடு மாதிரி இங்கே இறாலை இடித்துக் காயவைப்பார்களே, அது. நாலு வருஷத்துக்குப் போதும். நாகப்பட்டினத்துக்கு, கடலோரத்துக்கு, இறால் கொண்டு போகப் பார்த்தாளே இவள் என்று சிரிக்க வாயெடுத்தேன், சிரிப்பு வரவில்லை.

"அழுவுறியா பாங்?"

"பெலாச்சான் வாடை."

"எங்கண்ணனும் இன்னிக்கிக் காலைல இப்படித்தான் சொல்லுச்சு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ கிளப்புக்குப் போனப்புறம் பசியாற வந்துச்சு. பெட்டியப் பாத்திருச்சு. நீ தோத்தா நாங்களும் போறோம்னு சொன்னேன். வள்ளியுமான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். பெலாச்சான் வாடைன்னு கண்ணத் தொடச்சுக்கிச்சு. காப்பியக்கூடக் குடிக்காமப் போயிருச்சு."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு கை தூரத்தில் நின்றவருக்குக் காது கேட்காமல் போனது. அந்தக் கருப்பு. "உனக்கா?" என்று கேட்ட தொனி. என்னை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்த அவர் தோற்கவில்லை. தங்கையையும் மருமகளையும் இந்தச் சந்தில் நிறுத்தத் தன் வேலையைக் கொடுத்திருக்கிறார். அப்போது அவருக்கு அடுத்த வேலை எது என்று தெரியாது. இப்போது கிளேபாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், நன்றாகவே ஓடுகிறது, ஞாயிறுதோறும் அங்கேதான் எங்களுக்குச் சாப்பாடு, என் மலாய்க்கும் அங்கேதான் கிண்டல். அன்றைக்கு அவரிடம் எதுவும் இல்லை.

இருட்டுவதற்குள் மறுபடியும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அந்தப் பந்தப் பத்திப் பேசறதா இருந்தா திரும்பிப் போயிரு" என்றார்.

"பந்தப் பத்திப் பேசல மச்சான். மீனாச்சி பெட்டியப் பிரிச்சிட்டா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கோப்பையைத் தரையில் வைத்தார். 

"எல்லாத்தையுமா?" என்றார்.

"எல்லாத்தையும் மச்சான்."